சுனாமியில் முழுகிய இன்ஜின்

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில், இருதய எக்கோ எடுக்கும் அறைக்கு வெளியே என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தேவனாம்பட்டினத்தில் படகு இன்ஜின் மெக்கானிக்காம். சுத்தமாக இருந்த கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் சொன்னதை அவரிடம் புலம்பினேன்.

"இருதயத்துல அடைப்பே இல்லயாம். காய்ச்சல்ல மைட்டோகாண்ட்ரியா அடி வாங்கிடுச்சாம். தசைக்கு சக்தி தர்றதே அதுதானாம். மூணு மாசம் ரெஸ்ட்டுன்றாங்க. அடைப்பில்லாதவனுக்கு எதுக்கு ரெஸ்ட்டு? திங்கக்கெழம வேலைக்குப் போறேன்."

துடைத்த கை நின்றது.

"சுனாமில முழுகின இன்ஜின எடுத்தப்ப, வெளிய ஒரு கீறல் கெடையாது சார். நல்லாத்தான இருக்குன்னு அன்னிக்கே ஸ்டார்ட் பண்ணவன் இன்ஜின்லாம் போச்சு. பிரிச்சு, நல்ல தண்ணில கழுவி, ஆயில் மாத்தி, பொறுமையா இருந்தவன் இன்ஜின் இன்னும் ஓடுது. மெக்கானிக் நானே அவசரப்பட்டுதான் என்னோடத கெடுத்தேன்."

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுத்தார்கள். "நல்லா தேறிடுச்சு" என்று டாக்டர் சிரித்தார். வெளியே வந்து, அதே பெஞ்சில் நிம்மதியாக உட்கார்ந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. அன்று அவர் சட்டைப் பையிலும் ஒரு எக்கோ சீட்டு இருந்தது. அவருக்கு என்ன என்று நான் கேட்கவேயில்லை.

இந்த முறையாவது அவர் அவசரப்படாமல் இருந்திருக்க வேண்டுமே.