சைன் முப்பது போட்டுப் பாருங்க

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் கணிதத் தேர்வுக்கு முதல் நாள் மாலை, செங் வட்டாரத்தில் உள்ள எங்கள் கோவிலில் மாணவர்களுக்குச் சிறப்பு அர்ச்சனை. பேனா, கால்குலேட்டர் எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் குவித்தார்கள். குருக்கள் சலிக்காமல் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தார். மகளுடைய கால்குலேட்டரின் பின்னால் இருந்த பெயர்ச்சீட்டை அன்று காலையில்தான் நான் உரித்து எறிந்திருந்தேன். எழுத்தைப் பார்த்தால் மேற்பார்வையாளர் காப்பி என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். வகுப்பே ஒரே மாதிரிக் கால்குலேட்டர்தான் வைத்திருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் குருபோங் சாலை நெரிசலில் கார் நின்றது. மகள் எந்தத் தேர்வுக்கு முன்னாலும் செய்யும் சோதனையைச் செய்தாள்: சைன் முப்பது. அரை வரவேண்டும். மைனஸில் ஏதோ வந்தது.

"அம்மா, இது என்னோடது இல்லலா. ரேடியன்ல இருக்கு."

"சாமி முன்னால வச்சதும்மா. அப்படியெல்லாம் மாறாது."

"அப்ப சாமிதான் மாத்திட்டாரு போல." நாலு பட்டனைத் தட்டினாள். அரை வந்தது. "ஓகே, டிகிரிக்கு வந்துருச்சு. விடுங்க."

என்னால் விட முடியவில்லை. பள்ளி வாசலில் அவள் தோழிகளோடு நின்றபோது கால்குலேட்டரை வாங்கிக்கொண்டு, அவளுடையது யாரிடம் மாறிப்போனது என்று கண்டுபிடிக்க, கோவிலில் பார்த்த பெற்றோரைத் தேடிப் போனேன். தொழிற்சாலைச் சீருடையில் ஓர் அண்ணன் அகப்பட்டார்.

"உங்க மகனோடதுல சைன் முப்பது போட்டுப் பாருங்கண்ணே."

மகனிடமிருந்து வாங்கிவந்து உற்றுப் பார்த்தார். "சைன் எந்தப் பட்டன்க்கா?"

படித்தவள்தான் நான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் பட்டன் தெரியவில்லை. இரண்டையும் அவர் கார் பானெட்டில் வைத்து இருவரும் தேடினோம். மணி அடித்தது. நிமிர்ந்தால் வாசலில் ஒரு பிள்ளைகூட இல்லை.

இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடினோம். காவலாளி கையை நீட்டி, எது யாருக்கு என்று கேட்டார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்; ஒரே மாதிரி இருந்தன.

"ஆளுக்கு ஒண்ணு குடுத்துருங்கலா," என்றார் அண்ணன்.

மகள் வெளியே வரும்வரை நான் காரில் உட்காரவேயில்லை.

"மூணு கணக்கு கையால போட்டேன். அப்புறம்தான் கால்குலேட்டர் வந்துச்சு."

"கணக்கு சரியா வந்துச்சாம்மா?"

"முடிச்சுட்டேன்." பையைப் பின்சீட்டில் போட்டாள். "நாளைக்கு நான் பஸ்ல போயிக்கிறேன்மா."

சரி என்றேன்.