பின்பக்கம் படிக்காத கடிதம்
எனக்குப் பதுளையில் துணிக்கடை. சட்டசபையில் நமக்காகப் பேசும் அங்கத்தவர் அச்சடித்து அனுப்பும் செய்திக் கடிதத்தை, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரும் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்தப் பெருமையில்தான் புத்தி கெட்டேன்.

"துண்டு இல்லாமலே தோட்டம் மாறலாம்" என்றிருந்தது முன்பக்கத்தில். தோட்டத் துரை கையெழுத்திட்ட அந்தத் துண்டுச் சீட்டு இல்லாமல் வெளியேறினால் பிடித்து மறியலில் அடைத்துவிடுவார்கள் என்பது ஊரறிந்தது. உரக்க வாசித்தேன்.

"அப்ப இன்னைக்கே நமுனுகுலைத் தோட்டத்துல இருக்கிற அண்ணன்கிட்ட போயிடலாமா மொதலாளி?" என்றாள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ராமாயி.

"தாராளமா போ" என்று சொல்லிவிட்டுப் புடவை விற்கப் போய்விட்டேன்.

மத்தியானம் சாவகாசமாகக் கடிதத்தைத் திருப்பினேன். "மேற்கண்டவை சபையில் நான் கேட்டவை. இன்னும் சட்டமாகவில்லை."

வாடகைக் குதிரை வண்டி பிடித்து மலையேறினேன். தோட்டத்து எல்லைக் கல்லருகே ராமாயியும் புருஷனும் மூட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"நில்லு தங்கச்சி! சட்டம் இன்னும் வரல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்!"

அவர்கள் திகைத்து நிற்கும்போதே காவல்காரன் வந்துவிட்டான். "மூட்டையோட எங்க?"

ராமாயி முந்திக்கொண்டாள்: "ஆத்துல துணி அலசப் போறோங்க."

அவன் முறைத்துவிட்டு நகர்ந்தான்.

இப்போதெல்லாம் தனியே இரண்டு பக்கமும் படித்த பிறகே கூட்டத்தில் வாசிக்கிறேன். ஆனாலும் போன ஞாயிறு நான் வாயைத் திறக்குமுன் ராமாயி எழுந்து வந்து கடிதத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

"இந்தப் பக்கத்தை மொதல்ல வாசிங்க மொதலாளி."