டைகூன் என்று தலைப்பிட்ட சீட்டு

எங்கள் அகராதி அலுவலகத்தில் யாரும் பேசக் கூடாது. மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர். ஒரே கூடத்தில் முப்பது பேர் வாயை மூடிக்கொண்டு சொற்களுக்குப் பொருள் எழுதினோம். கேட்க வேண்டியதை இளஞ்சிவப்புச் சீட்டில் எழுதித் தட்டில் போட்டால், பதில் அதே சீட்டில் மேசைக்கு வரும். தலைப்பில் ஏதாவது சொல் இருந்தால் மட்டும், பதில் எழுதியதும் குமாஸ்தா அதை அந்தச் சொல்லின் இழுப்பறையில் சேர்த்துவிடுவார்.

என் சிநேகிதி வெர்னாவும் மனைவியை இழந்த ஆர்லோவும் பதினோரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். வெர்னாவுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. சொன்னால்தானே!

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குப் பெரும்பணக்கார முதலாளிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் வந்தன. 'பெரியவன்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து மேக்னேட், முகலாயரிடமிருந்து மொகல், ஜப்பானின் பெருந்தலைவரிடமிருந்து டைகூன். சரிபார்ப்பது ஆர்லோ. டைகூனுக்கு அவள் எழுதியதன் கீழே, "சொத்தைச் சொல்லிவிட்டீர்கள். யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாதவன் என்பது எங்கே?" என்று எழுதியிருந்தார். அவள் திருத்தி முடித்தாள்.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் என் கையைப் பிடித்தாள். "நான் ஒண்ணும் டைகூன் இல்லடி, கேட்டுத்தானே ஆகணும். சனிக்கிழமை சாப்பிட வாங்கன்னு சீட்டு எழுதிப் போட்டுட்டேன்."

"அப்பாடா! இப்பவாவது வாயத் தொறந்தியே."

"வாயெங்க தொறந்தேன்? பேனாவத்தான்."

பதில் வரவில்லை. சனிக்கிழமை அடுப்பில் இறைச்சி காய்ந்ததுதான் மிச்சம். திங்கட்கிழமை ஆர்லோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் தலை நிமிரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேராப் போய்க் கேளேன்டி!"

"வேணாம்னு எழுத மனசு வந்திருக்காது அந்த மனுஷனுக்கு. விடு."

வசந்தத்தில் அவர் ஓய்வுபெற்று வெர்மாண்டில் தங்கையிடம் போனார். ஆறு வருஷத்தில் அங்கேயே இறந்தார். வெர்னா தன் மேசையை இடம் மாற்ற விடவேயில்லை.

அந்தக் குளிர்காலத்துக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் புதிய பதிப்புக்காக அவளே டைகூன் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு. பழக்க தோஷத்தில் அவள் கை தலைப்பில் 'டைகூன்' என்று எழுதியிருந்தது. கீழே, "சனிக்கிழமை ஆறு மணிக்கு என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறீர்களா?" அதன் கீழே ஆர்லோவின் கையெழுத்து: "கட்டாயம் வருகிறேன். வீடு எங்கே? எழுதுங்கள், காத்திருக்கிறேன்."

வெர்னா காலியான எதிர் நாற்காலியைப் பார்த்தாள்.

"எல்ம் தெரு, பதினேழாம் நம்பர்," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. யாரும் அவளை அடக்கவில்லை.