ஒத்தைக்கையார் ஊரைச் சுற்றிக் காட்டிய இரண்டு நாள்

துறைமுகத்தில் ஒத்தைக்கையார் என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பேரைப் புதிதாகக் கேட்பவர்கள், அவருக்கு எந்தக் கை இல்லை என்று தேடுவார்கள். இரண்டு கையும் உலக்கை மாதிரி இருக்கும். முப்பத்தொன்பது வருடமாக அவர் லாஞ்சு ஓட்டுவது ஒரே கையால். இன்னொரு கையில் டீ கிளாஸ். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சொட்டு டீ சிந்தாது. அப்படி ஓட்டுகிறவன் அந்தத் தண்ணீரில் அவருக்கு முன்னால் இருந்ததில்லை, பின்னாலும் வரப்போவதில்லை. இதை அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பதின்மூன்று வயதில், கரைக்கு ஏற்றிய கப்பல்களின் வயிற்றில் துரு சுரண்ட வந்தவர். யாரோ ஓட்டை என்று தள்ளிவிட்ட படகை வாங்கி, பலகை பலகையாக மாற்றி, இஞ்சினைத் தன் கையாலேயே பிரித்துப் பூட்டி, இருபத்துநான்கு பேர் உட்காரும் லாஞ்சு ஆக்கினார். வார நாட்களில், வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவார். சனி ஞாயிறில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுவார்.

வருகிறவர்கள்தான் குறைவு. ரயில் அந்த ஊரில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். ஜன்னல் வழியாகக் கரிக்குவியலையும் லாரி வரிசையையும் பார்த்துவிட்டு, ஊரையே பார்த்துவிட்ட மாதிரிப் பேசுகிறவர்கள்தான் அதிகம். அவர்களை நினைத்தாலே ஒத்தைக்கையாருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இப்போதெல்லாம் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. வயது அறுபத்துமூன்று. முட்டி இரண்டும் விடிந்தால் ஒரு பேச்சு, பொழுது சாய்ந்தால் ஒரு பேச்சு.

அந்த வாரம் அவர் தலையில் ஒரு பெரிய பாரம் இருந்தது. மகனுக்குக் கல்யாணப் பேச்சு. மகன் கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. விடுமுறை நாளில் லாஞ்சில் அப்பாவுக்குத் துணை. பெண் ஒரு தலைமையாசிரியரின் மகள், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று. பிடிக்காதது ஊர்தான். "அந்தப் புழுதியில என் பொண்ணு எப்படி சார் இருப்பா?" என்று தலைமையாசிரியர் போனிலேயே கேட்டுவிட்டார். மகனுடைய கம்பெனிக்குப் பெண் ஊரிலும் ஒரு கிளை இருந்தது. மாற்றல் மனு மேஜை இழுப்பறையில் தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பெண் வீட்டாருக்கு ஊர் பிடித்தால் மகன் இங்கே இருப்பான். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். அவன் போனால் லாஞ்சை எடுத்து நடத்த ஆள் இல்லை.

"ரெண்டே நாள். வந்து பாருங்க சார். நான் காட்டுறேன்," என்றார் ஒத்தைக்கையார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். தலைமையாசிரியர், அவர் மனைவி, பெண். ஒத்தைக்கையார் ஒரு வேனைப் பிடித்து நேராகக் கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப்போனார். நூற்று அறுபத்தெட்டுப் படி. தலைமையாசிரியர் ஒவ்வொரு படியையும் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினார். தொண்ணூறில் ஒத்தைக்கையாரின் முட்டி மக்கர் செய்தது. ஷூ கயிற்றைக் கட்டுவது மாதிரி உட்கார்ந்தார். போட்டிருந்தது செருப்பு.

உச்சியில் நின்று கையை நீட்டினார். "பாருங்க. இந்தப் பக்கம் அலைதடுப்புச் சுவர், சாயங்காலம் நடக்கலாம். அந்தா பழைய சுங்கக் கிடங்கு, இப்போ காட்சிசாலை. உள்ள ஆள் உயரத்துக்கு நங்கூரம் இருக்கு. உலகத்துல வேற எங்கயும் இப்படி ஒரே பார்வையில எல்லாம் கிடைக்காது."

"நீங்க வேற எங்கெல்லாம் போயிருக்கீங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நான் எதுக்குப் போகணும்? எல்லா ஊர்க் கப்பலும் இங்க வருது."

பெண்ணின் அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கறுப்பு மலை அழகா இருக்கே, என்ன மலை?"

"அது கரி," என்றான் மகன்.

அன்று மதியம் காட்சிசாலையில் காவலாளி சாப்பிடப் போய்விட்டான்; முக்கால் மணி நேரம் வாசலில் நின்றார்கள். சாயங்காலம் அலைதடுப்புச் சுவரில் காற்று நன்றாகத்தான் அடித்தது, ஆனால் கரியையும் சேர்த்து அடித்தது. அன்று ராத்திரி வீட்டில் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு ஒத்தைக்கையார் மனைவியிடம் சொன்னார்: "நாளைக்குத் தண்ணிக்குக் கூட்டிப்போறேன். தண்ணியில யாரும் என்கிட்ட தப்பு சொல்ல முடியாது."

ஞாயிறு காலை மீன் ஏலத்தைக் காட்டிவிட்டு, ஒன்பதரைக்குப் படகுத்துறைக்கு வந்தார்கள். ஆழம் குறைந்த ஒரு பக்கக் கால்வாய் வழியாகப் போனால் மணல்தீவு வரும். கரியும் லாரியும் கண்ணில் படாத இடம், பறவைகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அவரது கடைசி அஸ்திரம் அதுதான். அந்தக் கால்வாயில் தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் போக முடியும். எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று துறைமுக ஆபீஸ் தினமும் துறை வாசலில் ஒரு தாள் ஒட்டும். ஒத்தைக்கையார் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. அவருக்கென்று ஓர் அளவு உண்டு. படகுத்துறையில் ஒரு பழைய பார்ஜ், இஞ்சின் இல்லாத சரக்குப் படகு, பாதி வயிறு மணலோடு பதினோரு வருடமாகக் கட்டிக் கிடந்தது. அதன் விளிம்புக்கு மேலே துறைச்சுவரின் இரும்பு ஏணியில் இரண்டு படி தெரிந்தால் கால்வாயில் தண்ணீர் போதும். மூன்று தெரிந்தால் போகக் கூடாது. பதினோரு வருடத்தில் அது ஒரு தடவைகூட அவரை ஏமாற்றவில்லை.

அன்று இரண்டு படிதான் தெரிந்தது.

"அப்பா, எதுக்கும் தாளைப் பாத்துட்டு வந்துடறேன்," என்றான் மகன்.

"தாளைப் பாத்து ஓட்டுறவன் தண்ணியைப் பாக்க மாட்டான். ஏறுடா."

அவருக்குத் தெரியாதது ஒன்றுதான். முந்தின நாள் அவர் கலங்கரை விளக்கத்தில் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ ஒரு காண்டிராக்டர் வந்து பார்ஜில் இருந்த மணலை அள்ளிக்கொண்டு போய்விட்டான். சுமை இறங்கியதும் பார்ஜ் மேலே எழும்பி ஒரு படியை மறைத்துவிட்டது. தண்ணீர் ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது.

கால்வாயில் பாதி தூரம் போனதும் லாஞ்சு மெத்தையில் உட்கார்வது மாதிரி நின்றது. ஒத்தைக்கையார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியது. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. அணைத்துவிட்டார்.

"வந்தாச்சா?" என்றாள் பெண்ணின் அம்மா.

தண்ணீர் சுற்றிலும் இறங்கி, சேறு பளபளவென்று தலைகாட்டியது. இறங்கினால் இடுப்புவரை புதையும் சேறு.

"எவ்வளவு நேரம் ஆகும்?" தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர்களுக்கு மூன்று மணிக்கு ரயில்.

"நாலரை, அஞ்சு மணி ஆயிடும்," என்றான் மகன்.

ஒத்தைக்கையாரின் போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? எத்தனை மணிக்குச் சாப்பாடு?"

"பக்கக் கால்வாய்ல நிக்கிறோம்."

"நின்னு என்ன பண்றீங்க?"

"தண்ணி வரணும்."

"அடக் கடவுளே, சேத்துலயா? பொண்ணு வீட்டுக்காரங்களோடயா? முப்பத்தொம்பது வருஷத்துல இதுக்கு இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா உங்களுக்கு?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். அந்த நேரம் பார்த்துப் பெரிய கால்வாயில் ஓர் இழுவைப்படகு போனது. அதில் இருந்தவன் ஒலிபெருக்கியைத் திருப்பினான். "ஒத்தைக்கையாரே! டீ சிந்திடுச்சா?" தண்ணீர் முழுக்க அந்தக் குரல் உருண்டது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வெயில் ஏறியது. பிஸ்கெட் பொட்டலம் ஒன்று இருந்தது. ஐந்து பேரும் பங்கு போட்டார்கள். பெண் அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தாள்ல ஒன்பது மணிக்கே தண்ணி இறங்கும்னு போட்டிருந்தது மாமா. நான் பாத்தேன்."

"பாத்தியா? ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நேத்திலிருந்து நாலு தடவை முப்பத்தொன்பது வருஷம்னு சொன்னீங்க. நான் எப்படிச் சொல்றது?"

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. ஒத்தைக்கையாருக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. "அந்தத் தாள் கட்டம் கட்டமா நம்பரா இருக்கும்மா," என்றார். "எழுத்துன்னா கூட்டிக் கூட்டிப் படிச்சுடுவேன். அது எனக்குப் புரியாது. எப்பவுமே புரிஞ்சதில்லை." மகன் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருடத்தில் இதை அவனும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவருக்குக் கண் சொருகிவிட்டது. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு முன்னால், வாயைத் திறந்துகொண்டு, பெஞ்சில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். விழித்தபோது முகத்துக்கு மேல் நிழல் இருந்தது. தலைமையாசிரியர் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தூங்குங்க. தண்ணி இன்னும் வரலை," என்றார் அவர், வகுப்பில் சொல்வது மாதிரி.

ஒத்தைக்கையார் அவசரமாக எழுந்து உட்கார்ந்தார். படகின் முனையில் மகனும் பெண்ணும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரமாகப் பேசுகிறார்கள் என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவரே கேட்டுவிட்டார். "சார், ஊர் பிடிக்கலை, இல்லையா?"

தலைமையாசிரியர் செய்தித்தாளை மடித்தார். "ஊருக்கு என்ன குறை? நல்ல காத்து, நல்ல மனுஷங்க. நான் வந்தப்போ நினைச்ச மாதிரி இல்லை. நீங்க அவளையே கேளுங்க."

பெண் எழுந்து வந்தாள். "புழுதியெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லை மாமா. அப்பாதான் அதைப் பெரிசு பண்ணிட்டாங்க. அங்க ஒன்பது வருஷமா வேலை பாத்து இப்பத்தான் என்னைக் கூடத்துக்குப் பொறுப்பா போட்டிருக்காங்க. எனக்குக் கீழ ஆறு பேர். இங்க வந்தா நான் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"நானும் முதல்ல இருந்து ஆரம்பிச்சவன்தான்," என்று ஒத்தைக்கையார் நிமிர்ந்தார். "கையில ஒண்ணுமில்லாம, பதிமூணு வயசுல..."

"நேத்து சொன்னீங்க," என்றாள் பெண். கேலியாக இல்லை. "அது நல்லா இருந்துச்சா மாமா?"

இந்தக் கதையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். கப்பல்காரர்கள், அதிகாரிகள், லாஞ்சில் ஏறிய முகம் தெரியாத ஆட்கள். எல்லோரும் சபாஷ் என்றார்கள். ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்லை. கப்பல் வயிற்றின் இருட்டு, கண்ணில் விழுந்த துருத்தூள், ராத்திரி கண்ணைத் திறக்க முடியாமல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கிடந்தது, மேஸ்திரி பலகையால் முதுகில் போட்டது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சபாஷ் வாங்கும்போது இவற்றை அவர் சொல்வதில்லை.

"இல்லம்மா," என்றார். "நல்லாவே இல்லை."

பெண் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சேற்றில் நண்டுகள் ஓடுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலே முக்காலுக்கு லாஞ்சு ஒரு பக்கமாக அசைந்து எழுந்தது. ஒத்தைக்கையார் இஞ்சினைப் போட்டு, பைய வெளியே எடுத்தார். மணல்தீவுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெரிய கால்வாய்க்கு வந்த பிறகு மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நாளைக்கு அந்த மனுவைக் கொடுத்துடு."

"அப்பா..."

"கொடுத்துடுன்னா கொடுத்துடு. ஆறு பேர் அந்தப் பொண்ணுக்குக் கீழ. விட்டுட்டு வான்னு நான் எந்த வாயால சொல்றது?"

"லாஞ்சை என்ன பண்ணுவீங்க?"

"ஓட்டுவேன். முட்டி விடற வரைக்கும் ஓட்டுவேன். அப்புறம் யாராவது கேட்டா கொடுப்பேன். நீ அதைப் போட்டுக் குழப்பிக்காதே."

மகன் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். தலைமையாசிரியர் காதில் விழாத மாதிரி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்; துறையில் இறங்கும்போது மட்டும் ஒத்தைக்கையாரின் கையைப் பிடித்து, விடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"வர்றோம் சம்பந்தி," என்றார்.

மகன் அவர்களை ஏழு மணி ரயிலுக்கு ஏற்றிவிடப் போனான். ஒத்தைக்கையார் வீட்டுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு கப்பலுக்குப் பதினெட்டு ஆட்களைக் கொண்டுபோய் விட வேண்டும். இஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர் இழுக்கும் குழாய் முழுக்கச் சேறு. முட்டி மடங்காததால், அடித்தட்டில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு, பிடி பிடியாக வழித்து எடுத்தார்.

மனைவி சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு துறைக்கே வந்துவிட்டாள். மேலே நின்று கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"ஊர் நல்லா இருக்காம்."

"அப்புறம்?"

"கல்யாணம் முடிவாயிடுச்சு. பையன் அங்க போறான்."

அவள் சாப்பாட்டைத் துறைச்சுவரில் வைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஏணியைப் பிடித்து லாஞ்சுக்குள் இறங்கி, சேற்று வாளியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து எடுங்க," என்றாள். "தோள்பட்டை பிடிச்சுக்கப் போகுது."