சிவப்பு ரிப்பன் நிரைகளும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

அன்பரசி பதினான்கு வருடங்களாக மற்றவர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்கு எண் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது மலையேறி வருவார்கள். சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் செடிகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், இறங்கிப் போய்விடுவார்கள். பிறகு மழையில் நனைந்து இலை எண்ணுவது இவள் வேலை. வருடம் கழித்துக் கட்டுரை வெளிவரும். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் இவள் பெயர் இருந்தால் உண்டு. சில பேர் 'எஸ்டேட் ஊழியர்களுக்கும் நன்றி' என்று மொத்தமாக முடித்துவிடுவார்கள். அவள் அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. பட்டிருக்க வேண்டும்.

முப்பத்தாறு வயதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. நாமே ஒன்று எழுதினால் என்ன? பகுதி நேரமாக முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். வழிகாட்டியாக அமைந்தவர் டாக்டர் ரொஹானா. தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரின் மகள், அன்பரசியைவிட ஆறு வயது இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் எழுத்தைத் திருத்த உட்கார்ந்தால் அக்காவாவது தங்கையாவது, சிவப்பு மை பக்கம் முழுக்க ஓடும்.

ஆய்வு சிக்கலானது இல்லை. தேயிலையின் இளம் இலையில் கொப்புளம் போடும் ஒரு நோய் உண்டு. மண்ணிலிருந்து எடுத்து வளர்த்த ஒரு நல்ல பூஞ்சையைக் கரைத்துத் தெளித்தால் அந்த நோய் குறையுமா என்பதுதான் கேள்வி. அன்பரசி இருபத்துநான்கு செடி நிரைகளைப் பிரித்தாள். பன்னிரண்டு நிரைகளில் சிவப்பு ரிப்பன் கட்டி மருந்து தெளித்தாள். மற்ற பன்னிரண்டில் வெள்ளை ரிப்பன், வெறும் தண்ணீர். ஒவ்வொரு வியாழனும் பத்து மணிக்குப் போய், நிரைக்கு நூறு இலை பார்த்து, கொப்புளம் போட்டவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டாள். இப்படி மூன்று வருடம். சிவப்பில் நோய் வெள்ளையில் இருந்ததில் பாதிக்கும் கீழே இருந்தது.

எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கட்டுரையின் முதல் படியை அவள் உலக மக்கள் அனைவரும் தேநீர் விரும்பி அருந்துகிறார்கள் என்று தொடங்கியிருந்தாள். ரொஹானா அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டார்.

"அக்கா, தேத்தண்ணி யாரு குடிக்கிறாங்கன்னு இதப் படிக்கிறவனுக்குத் தெரியும்லா. உங்க கேள்வி எங்க? மொதப் பக்கத்துலயே அது வரணும். ஒரு வாக்கியத்துல ஒரு விஷயம் சொல்லுங்க. ரெண்டு சொன்னா ரெண்டுமே போயிரும்."

முடிவுரையில் இந்த மருந்து மலைநாட்டுத் தேயிலையைக் காக்கும் என்று அன்பரசி எழுதியிருந்தாள். அதற்கும் வெட்டு விழுந்தது. "இருபத்துநாலு நெரையப் பாத்துட்டு மலையைக் காப்பாத்தாதீங்க அக்கா."

அன்பரசி கற்றுக்கொண்டாள். முதலில் வரைபடம், அது சொல்வதைப் பார்த்து முடிவுகள், எல்லாம் முடிந்த பிறகே சுருக்கம். ஒன்பதாவது படியில் ரொஹானா திருத்த இடம் தேடித் தோற்றார். கட்டுரை ஆய்வுப் பத்திரிகைக்குப் போனது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மதிப்பிட்ட இருவரில் ஒருவருக்குத் திருப்தி. மற்றவர், முடிவுகள் தெளிவு, முறை தெளிவில்லை என்று எழுதியிருந்தார். எண்ணுவதற்கு முன் அந்த நிரைகளில் யார், எப்போது, எப்படி வேலை செய்தார்கள்? எந்த நிரைக்கு மருந்து என்பது அவர்களுக்குத் தெரியுமா? இதை நான்கைந்து வரியில் விளக்கினால் போதும் என்றார்.

நான்கைந்து வரிதானே என்று அன்பரசிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஏற்கப்பட்ட கட்டுரை ஒன்று கையில் இல்லாமல் பட்டம் கிடையாது. பல்கலைக்கழகம் இரண்டு முறை காலம் நீட்டித்து விட்டது, இனி நீட்டிப்பு இல்லை. இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஐந்து வரிக்கு ஏழு வாரம் தாராளம்.

தெரிந்ததை எழுதாமல் கேட்டே எழுதிவிடுவோம் என்று மறுநாள் காலை மலைக்கு ஏறினாள். எஸ்டேட்டில் பெரும்பாலும் வங்காளதேசத்து ஆட்கள்தான் இயந்திரத்தால் இலை அறுக்கிறார்கள். ஆய்வு நிரைகளைக் கையால் கிள்ள வேண்டும் என்பதால் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளின் பெண்கள் ஏழு பேரை அங்கே விட்டிருந்தார்கள். அவர்களுக்கு மூத்தவள் மணியம்மா, அன்பரசியின் அம்மாவோடு இருபது வருடம் கூடை சுமந்தவள். பெண்கள் பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை, வியாழக்கிழமை நான் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன வேலை நடக்கும்? இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க, எழுதணும்."

"என்ன நடக்கும், கொழுந்து எடுப்போம்."

"ரெண்டு ரிப்பனுக்கும் ஒரே மாதிரியா?"

மணியம்மா சிரித்தாள். "அதெப்படி ஒரே மாதிரி? செவப்பு நம்மளோடதாச்சே. ஏழு மணிக்கே வந்து, கண்ணுல பட்ட கொப்புளம் புடிச்ச எலையெல்லாம் கிள்ளிப் பள்ளத்துல வீசிருவோம். வெள்ளை எப்படிக் கெடந்தா நமக்கென்ன?"

அன்பரசி கையிலிருந்த பேனாவை மூடினாள். "எப்போலேர்ந்து?"

"மொத வாரத்துலேர்ந்து. புனிதா ஒருநாள் காய்ச்சலோட வந்து செஞ்சா. நம்ம புள்ளையோட மருந்து சரியில்லன்னு எவனும் சொல்லிறக் கூடாதுல்ல."

பக்கத்தில் இருந்த புனிதா வெட்கத்தோடு தலையாட்டினாள்.

இதை ஏமாற்று என்று சொன்னால் அந்தப் பெண்களுக்குப் புரியாது. மேனேஜர் துரை விசிட் வருகிறார் என்றால் அவர் பார்க்கப் போகும் நிரையை முதல்நாளே சீராக்கி வைப்பது எஸ்டேட் வழக்கம். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டுவது போலத்தான். துரைக்குப் பயந்து செய்ததை இவளுக்கு ஆசையோடு செய்திருக்கிறார்கள். குளிரில் விறைத்த விரலோடு, மூன்று வருடம், ஒரு வாரம் தவறாமல். எந்த ரிப்பன் மருந்து என்று அவர்களிடம் சொன்னவள் யார்? இவளேதான். முதல் நாள் ரிப்பன் கட்டும்போது சந்தோஷத்தில் வாய் நிறையச் சொன்னாள். ரிப்பனுக்குப் பதில் வெறும் எண் எழுதிய அட்டை கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். யாரைத் திட்டுவது? தன்னைத் திட்டிக்கொண்டே மலையிறங்கினாள்.

சனிக்கிழமை மதியம் யாரும் இல்லாத ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் தட்டினாள். எல்லா நிரைகளிலும் வழக்கமான முறையில் ஒரே விதமாகக் கொழுந்து எடுக்கப்பட்டது. சின்ன வாக்கியம், ஒரே விஷயம், இலக்கணப் பிழை இல்லை. உலகத்தில் ஒருவராலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. அவள் அதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி ரொஹானாவுக்கு அனுப்பினாள். அன்றைக்கு அவளைப் பாராட்ட அந்த அறையில் ஒரு ஆள் இருந்திருக்கலாம்.

ரொஹானா உடனே கூப்பிட்டார்.

"மூணு வருஷ எண்ணும் போச்சு அக்கா. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "ஒரே ஒரு வழி இருக்கு. யாரும் கைவைக்காம மூணு வாரம் விடுங்க. மருந்து மட்டும் எப்பவும் போல அடிங்க. அப்புறம் ஒரு தடவை எண்ணுங்க. வித்தியாசம் தெரிஞ்சா, பழசு எல்லாத்தையும் விட்டுட்டு, அத மட்டும் சின்னக் குறிப்பா எழுதலாம். பத்திரிகை ஆசிரியர்கிட்ட நான் கேட்டுப் பாக்குறேன்."

ஆசிரியர் சம்மதித்தார். நாலு வாரம் கொடுத்தார்.

இனி அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. நீங்கள் கிள்ளியதால் என் கணக்கு கெட்டது, இனிக் கிள்ளாதீர்கள். ஆங்கிலத்தில் ஒன்பது படி எழுதிய அன்பரசிக்கு இது தமிழில் வாயில் வரவில்லை. புனிதாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் காய்ச்சல் நினைவுக்கு வந்தது. சுற்றிச் சுற்றிப் பேசினாள்.

"அத்தை, கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் வர வேணாம். மேல உள்ளவங்க ஏதோ கேக்கறாங்க. நானே பாத்துக்கறேன். நீங்க சிரமப்பட வேணாம்."

"ஏதும் பிரச்சினையா புள்ள?"

"இல்ல அத்தை. நெரை ரெண்டும் ஏன் வேற வேற மாதிரி இருக்குன்னு கேக்கறாங்க, அவ்வளவுதான்."

மணியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சரி என்றாள். மூன்று வாரம் ஒருவரும் அந்த நிரைப் பக்கம் போகவில்லை. அன்பரசி தினமும் தூரத்தில் நின்று பார்த்தாள். புதுக் கொழுந்து வந்தது, மழை பெய்தது, வெள்ளை ரிப்பன் பக்கம் கொப்புளம் நன்றாகவே தெரிந்தது. சிவப்பிலும் இருந்தது, ஆனால் குறைவு. செவ்வாய்க்கிழமை பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது.

வியாழன் காலை பத்து மணிக்கு நோட்டோடு போனாள். நிரை முனையில் ஏழு பெண்களும் நின்றிருந்தார்கள்.

முதல் சிவப்பு நிரையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஓடிப்போய் வெள்ளையைப் பார்த்தாள். அதிலும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. கிள்ளிய காம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன.

"நீ மூஞ்சி வாடிப் போனத அன்னைக்கே பாத்தோம்," என்றாள் மணியம்மா. "தப்பு எங்களோடது. செவப்ப மட்டும் சுத்தம் பண்ணிட்டு வெள்ளைய விட்டா, பாக்கறவன் கேக்கத்தானே செய்வான். அதான் நேத்து வேலை முடிஞ்சதும் எல்லாரும் வந்து இருபத்துநாலையும் ஒரு எலை விடாம பாத்துட்டோம். இனிமே ஒருத்தனும் வேற வேற மாதிரி இருக்குன்னு சொல்ல முடியாது."

மறுபடி மூன்று வாரம் காத்திருக்க ஆசிரியர் கொடுத்த நாளில் இடமில்லை. அன்பரசி நோட்டைத் திறந்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் எண்ணினாள். நிரைக்கு நூறு இலை, இருபத்துநான்கு நிரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே சுழியம் போட்டாள். இரண்டரை மணி நேரம் ஆனது. பெண்கள் சளைக்காமல் கூடவே வந்தார்கள்.

"சரியா இருக்கா?" என்று புனிதா கேட்டாள்.

"சரியா இருக்கு."

"அப்ப பட்டம் எப்ப குடுப்பாங்க?" என்றாள் மணியம்மா. "நாளைச் சொன்னா லீவு கேக்கணும். வேன் புடிச்சு எல்லாரும் வர்றோம்."

அன்பரசி எண்ணி முடித்த முதல் நிரைக்கே திரும்பிப் போய், குனிந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.