இருநூற்றுப் பதினான்கு சீட்டுகள்

அத்தான் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் முதலில் கட்டைவிரலால் இரண்டு முறை துடைப்பார். பிறகு நாக்கின் நுனியை மட்டும் நீட்டி, தபால்தலை ஒட்டப் போகிறவர் மாதிரி, கல்லின் ஒரு பக்கத்தைத் தொட்டு எடுப்பார். ஈரம் பட்ட இடத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து இடது கண்ணை மூடுவார். ஈரத்தில்தான் படிகத்துக்குள் ஓடும் கீறலும் மூட்டமும் தெரியுமாம். தண்ணீர் தொட்டுப் பார்த்தால் ஆகாதா என்று கேட்டால், தண்ணீரைத் தேடிப் போக வேண்டும், நாக்கு கூடவே வருகிறதே என்பார். சமையலறைக் குழாய் நாலு எட்டில் இருக்கிறது.

அவர் என் அக்காவின் கணவர். கல்குவாரிகளில் ஓடும் கம்ப்ரசர்களைப் பழுது பார்ப்பது வேலை. வெடி வைத்துப் பிளந்த பாறையின் பொந்துகளில் சில சமயம் படிகம் கொத்தாக நிற்கும். பெரும்பாலும் வெள்ளை, சில நேரம் புகைநிறம், எப்போதாவது ஊதா. ஊதாவுக்குச் செவ்வந்திக்கல் என்று பெயர். குவாரிக்காரர்களுக்கு அது ஜல்லிக்கு ஆகாத தொல்லை. அத்தான் அதைப் பழந்துணியில் சுற்றி ஸ்பேனர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பதினாறு வருடமாக. விற்கவும் மாட்டார், மோதிரத்தில் பதிக்கவும் மாட்டார். குவாரியில் அவருக்குக் ‘கல்நக்கி’ என்று பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

இருப்பது இரண்டு அறை வீடு. உள்ளறையில் அலமாரி, ஜன்னல் மேடை, கட்டிலடி எல்லாம் கல். வேலை தேடி வந்த நான் இரண்டு வருடம் படுத்தது அந்தக் கட்டிலில்தான். செருப்பைத் தேடிக் காலை விட்டால் கல் இடிக்கும்.

அக்காவுக்கு வயிற்றில் ஏழாம் மாதம் தொடங்கியபோது, பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்த அறை வேண்டும் என்றாள். கல்லா பிள்ளையா என்று கேட்டதற்கு, பதில் சொல்ல அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டதாக இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

வழி ஒன்று பிறந்தது. கல்லூரியில் நிலவியல் நடத்தும் பேராசிரியை ஒருவர், மொத்தத்தையும் மாணவர்கள் பார்க்கும்படி கண்ணாடி அலமாரியில் வைப்பதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு கல்லும் எங்கே கிடைத்தது என்று எழுதியிருக்க வேண்டும். இடம் தெரியாத படிகம் வெறும் அழகு, பாடத்துக்கு உதவாது. அத்தானிடம் அதில் குறையே கிடையாது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் பசை தடவிய சின்னச் சீட்டு, அதில் குவாரி, தேதி. இருநூற்றுப் பதினான்கு கல், இருநூற்றுப் பதினான்கு சீட்டு. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை கல்லூரி வேன் வரும். தவறினால் தேர்வெல்லாம் முடிந்து நாலு மாதம் கழித்துத்தான்.

அக்கா நல்லது செய்ய நினைத்தாள். அவள் அப்படி நினைக்கும்போது வீட்டில் யாராவது இருக்க வேண்டும். அன்று நான் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீட்டிலிருந்த பக்கெட்டெல்லாம் சோப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் கற்கள். கழுவிய கற்கள் கட்டில் மேல் பெரிசு சிறிசாக வரிசை கட்டி நின்றன. சீட்டுகளைத் தனியே எடுத்து மேசையிலும் தலையணையிலும் காய வைத்திருந்தாள்.

“ஒண்ணுகூடக் கிழியல, பாத்தியா? காலைலேர்ந்து உக்காந்து ஒவ்வொண்ணா உரிச்சேன்.”

“எது எந்தக் கல்லோடது, அக்கா?”

“அதான் உங்க அத்தான் எழுதி வச்சிருக்காரே” என்றாள். கையிலிருந்த சீட்டைப் படித்தாள். கட்டிலைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் படித்தாள்.

அத்தான் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். தரையில் உட்கார்ந்தார், முதல் கல்லை எடுத்தார், நாக்கை வைத்தார், “சோப்பு” என்று துப்பினார். பதினோரு நாள் அப்படியே போயிற்று. வேலை முடிந்து வந்ததும் அவர் கல்லைப் பார்த்து இடம் சொல்வார், நான் சீட்டைத் தேடி ஒட்டுவேன். இடத்தை மட்டும் சொன்னால் தேவலை. அன்று எந்தக் கம்ப்ரசரில் எந்த வால்வு கெட்டது, மேஸ்திரி என்ன சொன்னான், இவர் என்ன சொன்னார் என்று தொடங்கி, கல் கிடைத்த இடத்துக்கு வந்து சேர டீ ஆறிவிடும். ஆனால் சீட்டு சரியாக இருக்கும். தேதிகூட.

கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டும் உள்ளங்கை அகலச் செவ்வந்திக்கல், அடுத்தடுத்த வாரம் கிடைத்தவை. ஒரு சீட்டு பழைய குவாரி, இன்னொன்று மேட்டுக் குவாரி. அத்தான் நக்கிப் பார்த்தார், எடை போட்டார், வெயிலில் பிடித்தார். தெரியவில்லை. இந்த இரண்டை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று நான் சொன்னதும் எடுபடவில்லை. பேராசிரியை முதலில் ஆசைப்பட்டதே இவற்றைத்தான்.

“பூவா தலையா போட்டுப் பாருங்க” என்றாள் அக்கா.

“தப்பாயிட்டா?”

“தப்பானா என்னங்க? கல்லு கோர்ட்டுக்கா போகப் போகுது?”

“படிக்கிற பிள்ளைங்க பாக்கும். எழுதியிருந்தா நம்பிரும்ல?”

அதற்குமேல் அவரிடம் பேசுவது கம்ப்ரசரிடம் பேசுவது. சனிக்கிழமை காலை, ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பழைய குவாரிக்குக் கிளம்பிவிட்டார். அங்குள்ள பாறையில் ஒரு துண்டு கொண்டுவந்து, கல்லின் அடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாராம். தான் வரும்வரை அந்த இரண்டையும் யாரும் தொடக் கூடாதாம். எட்டாம் மாத வயிற்றோடு அக்கா வாசல்வரை போய், கூப்பிடாமல் திரும்பி வந்தாள்.

ஞாயிறு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது.

“எழுதி ஒட்டுடா” என்றாள் அக்கா.

“அக்கா, அத்தான் வந்தா…”

“வந்தா நான் பேசிக்கிறேன். தொட்டில எங்க கட்டுறது, உன் தலைலயா?”

கருத்த கல்லுக்குப் பழைய குவாரி, வெளுத்ததற்கு மேட்டுக் குவாரி. எந்த நியாயமும் இல்லாமல் ஒட்டினேன். பெட்டிகளைப் படியில் இறக்கி ஏற்றியது நான். அந்த இரண்டும் இருந்த கடைசிப் பெட்டியை அக்கா தானே கட்டிக் கொடுத்தாள்.

வேன் போய் இரண்டு மணி நேரம் கழித்து அத்தான் வந்தார். பழைய குவாரியில் பனைமர ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறதாம், பாறை எதுவும் எடுக்க முடியவில்லையாம். ஆனால் பை கனமாக இருந்தது. வழியில் புதிதாக வெட்டும் குவாரி ஒன்றில் இறங்கியிருக்கிறார். பத்தொன்பது கல்.

காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டே, “எதுல எத ஒட்டின?” என்று என்னிடம் மட்டும் கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். அதன் பிறகு ஆறு நாள் எங்கள் இருவரிடமும் பேச்சில்லை. பத்தொன்பது கல்லும் சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் போயின. ஏழாம் நாள் சாப்பாட்டில் உப்பில்லை என்று சொன்னார்; சமாதானம் என்று எடுத்துக்கொண்டோம். அடுத்த மாதம் பெண் பிறந்தாள். உள்ளறையில் தொட்டில் கட்டினோம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு வேலையாக அந்தக் கல்லூரிப் பக்கம் போனபோது அலமாரியைப் பார்க்கத் தோன்றியது. இரண்டு செவ்வந்திக்கற்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் ஒட்டிய சீட்டுகள் அடியில் இல்லை. நடுவில் மாத்திரைக் கவரைக் கிழித்த ஒரே துண்டு, அக்காவின் சாய்ந்த கையெழுத்தில்: ‘ஒன்று பழைய குவாரி, ஒன்று மேட்டுக் குவாரி. எது எது என்று அவருக்கே தெரியவில்லை.’ பெட்டியைத் திறந்தபோதே இப்படித்தான் இருந்தது என்றார் பேராசிரியை.