ஏறினால் போதாது, இறங்க வேண்டும்

ரெமெய்க்குப் பிறவியிலேயே ஒரே ஒரு கிட்னி. வால்ஸ் ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மனிதக் கோபுரக் குழுவில் இரண்டாம் அடுக்கில் நின்று மேலே இருப்பவர்களைத் தோளில் தாங்குகிறாள். ஏறுமுன் அவள் இடுப்பில் நீளக் கறுப்புத் துணியை இறுக்கிச் சுற்றிவிடுவது பதினாறு வருஷமாக என் வேலை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கல் திரும்பத் திரும்ப வந்து, கிட்னியிலிருந்து இறங்கும் குழாய் பாழாகிவிட்டது. கிட்னி போனால் ஆயுசுக்கும் டயாலிசிஸ். டாக்டர் அராந்த்சா வேறு வழி சொன்னார்: அதைக் கழற்றிக் கீழே, மூத்திரப்பைக்குப் பக்கத்தில், அவளுக்கே திரும்பப் பொருத்துவது. எல்லாம் ரோபோ கைகளால், சின்னத் துளைகள் வழியாக.

"எத்தனை கை அதுக்கு?" என்றாள் ரெமெய்.

"நாலு. நான் ஓரமா உக்காந்து ஓட்டுவேன். என் கை நடுங்கினாலும் அது நடுங்காது."

"அப்போ எங்க மூணாவது அடுக்குக்கு ரெண்டு அனுப்புங்க டாக்டரம்மா. அங்க பசங்களுக்குக் கால் தந்தியடிக்குது."

வெளியே வந்ததும், "டேய் ஒலெகேர், பயமா இருக்குடா" என்றாள். எனக்கும்தான்.

ஆபரேஷன் அன்று குழுவில் முப்பது பேர் ஆஸ்பத்திரி வராந்தாவை அடைத்துக்கொண்டோம். ஆறு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார்.

"பொருத்தியாச்சு. ரத்தம் நல்லா ஓடுது."

ஒருவரும் கை தட்டவில்லை. டாக்டர் முகம் தொங்கிப்போனது. பாவம், வடக்கேயிருந்து வந்தவர். கோபுரம் முடிந்ததென்று உச்சியில் ஏறிய குழந்தை கை தூக்கினால் வேடிக்கை பார்ப்பவர்கள் தட்டுவார்கள். எல்லோரும் பத்திரமாக இறங்கும்வரை நாங்கள் மூச்சு விட மாட்டோம்.

எங்கள் தலைவி ஃபீனாதான் கேட்டாள். "ஏத்திட்டீங்க, சரி. இறங்கிடுச்சா?"

"என்ன இறங்கணும்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"மூத்திரம் இறங்கணும். அது வந்தாத்தான் எனக்கும் நிம்மதி."

காத்திருந்தோம். கொண்டுவந்த ரொட்டியை யாரும் தொடவில்லை. ஒரு மணி நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. டாக்டரேதான், ஒரு கையை உயரத் தூக்கியபடி.

"இறங்கிடுச்சு! பை நிறையுது!"

நாங்கள் போட்ட கூச்சலில் காவலாளி ஓடிவந்தார். விஷயம் கேட்டுவிட்டு அவரும் தட்டினார்.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். ரெமெய் பாதிக் கண் திறந்தாள்.

"என்னடா சத்தம் அது?"

"உன் மூத்திரத்துக்குத்தான்."

சிரிக்கப் போனவளுக்குத் தையல் இழுத்தது. "சிரிக்க வைக்காதடா பாவி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் பிடி இறுக்கமாகத்தான் இருந்தது.